பாக்குவெட்டி நுனியில் சுண்ணாம்பு

கொச்சி மட்டாஞ்சேரியில் யட்சியைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஏறக்குறைய ஒரே கதையைத்தான் சொல்வார்கள். தலைமுடியை அவிழ்த்துப் போட்ட ஒருத்தி பனையடியில் தனியாக நிற்பாள். வழியில் வருகிறவனிடம் கொஞ்சம் சுண்ணாம்பு இருக்குமா என்று கேட்பாள். விரலால் எடுத்துக் கொடுத்தவன் தீர்ந்தான். மறுநாள் அங்கே நகமும் முடியும்தான் கிடக்கும். விவரம் தெரிந்தவன் கத்தி நுனியில் வைத்து நீட்டுவான். இரும்பைத் தொட அவளால் ஆகாது. அலறிக்கொண்டு பனையில் ஏறிவிடுவாள்.

எங்கள் லைன் வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லிக் கொடுத்தவள் நான்தான். என் பங்கு பழியை மறைக்கிற பழக்கம் எனக்கு இல்லை.

தொண்ணூறுகளில் சுக்குப் பண்டகசாலையில் வேலைக்குச் சேர்ந்தேன். காய்ந்த இஞ்சியைச் சுண்ணாம்புத் தண்ணீரில் முக்கி முக்கிக் காயப்போட வேண்டும். வெளுத்தால்தான் அது கப்பலேறும். பிறகு சாக்கில் போட்டுத் தேய்ப்போம். அப்போது கிளம்புகிற தூசி இமையிலும் மயிரிலும் அப்பிக்கொள்ளும். அந்தச் சுண்ணாம்பை வாயில் வைக்க முடியாது, நாக்கு வெந்துவிடும். வெற்றிலைக்கு வேறு சுண்ணாம்பு, அதற்குத் தனி டப்பா.

வேலைக்குப் போன முதல் நாள் அந்த டப்பாவை வீட்டில் மறந்துவிட்டேன். புருஷன் போய் நாலு மாசம், எதுதான் நினைவில் நின்றது? மத்தியானம் நிழலில் உட்கார்ந்து வெற்றிலையைக் கிள்ளிய பிறகுதான் தெரிந்தது. பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவள், அவளும் நம்மைப் போலத் தமிழ்க் குடும்பம்தான். ஆள்காட்டி விரலால் வழித்து என் வெற்றிலையில் அவளே தடவிவிட்டாள்.

"டப்பாவ மறந்தா கேட்டு வாங்கிக்கலாம் அக்கா. வாய மறந்துட்டு வந்தாத்தான் கஷ்டம்" என்றாள்.

மேஸ்திரி அதட்டும் வரைக்கும் சிரித்தோம். அன்றிலிருந்து என் டப்பா இடுப்பிலேயே இருந்தாலும் அவள் சுண்ணாம்பைத்தான் நான் போடுவேன். என் பாக்கை அவள் போடுவாள். எங்களுக்குள் அது ஒரு வழக்கமாகிவிட்டது.

தன் வீட்டுக்கு அடுத்த அறையை எனக்கு வாடகைக்குப் பேசிக் கொடுத்ததும் அவள்தான். நடுவில் ஒரே சுவர். அவளுக்கு ஐந்து வயதில் ஒரு பெண் இருந்தது. எனக்குப் பிள்ளை கிடையாது. அவள் அதிக நேரம் வேலைக்கு நிற்கிற நாட்களில் அந்தப் பெண்ணுக்குக் கப்பைக்கிழங்கும் மீன் குழம்பும் ஊட்டி, பேன் பார்த்து, தூங்க வைத்தது நான். பெரியம்மா பெரியம்மா என்று என் சேலையைப் பிடித்துக்கொண்டே திரியும்.

வேலை விட்டு வரும்போது தூசி உதற முடியை அவிழ்த்து விடுவேன். முகம் வெள்ளை, வாய் சிவப்பு, நானோ நெட்டை. முற்றத்துப் பிள்ளைகள் யட்சி வருது என்று ஓடும். அது எனக்குப் பிடித்திருந்தது என்றே சொல்ல வேண்டும். தாலியறுத்தவளை யாரும் நிமிர்ந்து பார்க்காத இடத்தில், இப்படியாவது பார்த்தார்களே. அந்தப் பெண் மட்டும் ஓடாது. என் பாக்குவெட்டியை எடுத்து நீட்டி, இந்தா சுண்ணாம்பு என்று எதிரே நிற்கும். நான் அலறிக்கொண்டு குழாயடிக்கு ஓடி முகம் கழுவ வேண்டும். கழுவிய பிறகு கிட்டே வந்து, பெரியம்மாதானே என்று தடவிப் பார்க்கும். தினமும் இதே ஆட்டம்தான்.

வருஷங்கள் போயின. அந்தப் பெண்ணை வைப்பின் தீவில் கட்டிக் கொடுத்தார்கள். தலைப்பிரசவத்துக்கு வந்தவள் என் அறையில்தான் பாதி நேரம் படுத்துக் கிடந்தாள். இருபத்தெட்டாம் நாள் குழந்தைக்கு அரைஞாண் கட்டும்போது பெரியம்மா மடியில்தான் வைப்பேன் என்று அவளாகவே சொன்னாள். நான் கேட்டு வாங்கியதில்லை. ஆனால் சொன்ன நாளிலிருந்து என் மடிக்கு ஒரு கனம் வந்துவிட்டது.

பெண் குழந்தை. பத்தாம் நாள் வேலையிலிருந்து நேராகப் போய் வாங்கிக்கொண்டேன். முகம் கழுவினேன், முடியில் தூசி இருந்திருக்கும். என்ன கனம் இது, என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். மறுநாள் குழந்தை பாலைக் கக்கிற்று, காய்ச்சல் வந்தது. ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் வைத்திருந்து நல்லபடியாகத் திரும்பினார்கள். நானும் நேர்ந்துகொண்டேன்.

இருபதாம் நாள், அரைஞாணுக்குக் கறுப்புக் கயிறு வாங்கி மஞ்சள் தொட்டு எடுத்துக்கொண்டு போனேன். என் கூட்டாளி வாசற்படியில் உட்கார்ந்து பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து வெற்றிலையைத் துடைத்து, வழக்கம்போல, கொஞ்சம் சுண்ணாம்பு தாடி என்றேன்.

அவள் நிமிரவில்லை. பாக்குவெட்டியின் நுனியை டப்பாவுக்குள் விட்டுச் சுண்ணாம்பை எடுத்து என் முன்னால் நீட்டினாள்.

பழைய ஆட்டம் என்று நினைத்தேன். அலறுவதற்கு வாயைக்கூடத் திறந்துவிட்டேன். அப்புறம்தான் பார்த்தேன், யாரும் சிரிக்கவில்லை. உள்கதவருகே அந்தப் பெண் குழந்தையை நெஞ்சோடு இறுக்கிக்கொண்டு நின்றாள். அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மோளுக்குப் பயம்க்கா. மனசுல வெக்காதீங்க" என்றாள் கூட்டாளி, மகளைச் சாடை காட்டி.

நான் விரலை அந்த இரும்பில் வைத்து, ஒரு பொட்டு மிச்சமில்லாமல் வழித்து, வெற்றிலையில் தடவினேன். மடித்து வாயில் போட்டேன். அவசரமில்லாமல் மென்றேன்.

"பாத்துக்கிட்டியாடி? தொட்டுட்டேன்" என்றேன் அந்தப் பெண்ணிடம்.

"அப்போ இருபத்தெட்டுக்கு வரட்டுமா?"

கூட்டாளிதான் பதில் சொன்னாள். "கூட்டமா இருக்கும்க்கா. உங்களுக்கு எதுக்கு சிரமம்?"

கதையில் இரும்பைத் தொட்டுவிட்டால் அவள் யட்சி இல்லை. நான் சொன்ன கதையில் அப்படித்தான். அவர்கள் சோதித்தார்கள், நான் தேறினேன். தேறியும் என்ன? சோதிக்கத் துணிந்தபோதே அவர்களுக்குள் முடிவாகிவிட்டிருந்தது. எழுந்து, முடியை அள்ளிச் செருகிக்கொண்டு என் அறைக்குப் போனேன்.

இருபத்தெட்டாம் நாள் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தமும் பேச்சும் கேட்டுக்கொண்டே இருந்தன. குழந்தை ஒரு தடவை அழுதது, யார் மடியிலோ. ஒரு தூக்கில் பாயசம் அனுப்பியிருந்தார்கள். அதைத் திறக்காமலே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்தக் கறுப்புக் கயிற்றை வெற்றிலைப் பைக்குச் சுருக்குக் கயிறாகப் போட்டேன். இன்றும் அதில்தான் இருக்கிறது.

அன்று உட்கார்ந்து அந்தப் பனையடிக்காரியைப் பற்றி நினைத்தேன். எத்தனை தடவை சொல்லியிருப்பேன், ஒரு தடவை யோசித்ததில்லை. அவளிடம் வெற்றிலை இருக்கிறது, பாக்கு இருக்கிறது. இல்லாதது சுண்ணாம்பு ஒன்றுதான். தனியாக நிற்கிற பொம்பளை, வருகிறவரிடம் கேட்கிறாள். நானும் முதல் நாள் அப்படித்தானே கேட்டேன்? நகத்தையும் முடியையும் பற்றிச் சொன்னது யார்? செத்தவன் வந்து சொல்லியிருக்க மாட்டான். இரும்பை நீட்டிவிட்டு ஓடிவந்தவன்தான் ஊரில் சொல்லியிருப்பான். அவனும் என்னத்தைக் கண்டான், ஒரு பொம்பளை அலறியதை. நெஞ்சு வெந்தாலும் அலறத்தான் செய்வார்கள்.

வேலைக்குத் தொடர்ந்து போனேன். கூட்டாளியும் வந்தாள். நான் தள்ளி உட்கார்ந்தேன். மழைக்காலம் முடிந்து ஒரு மத்தியானம், அவள் கையில் வெற்றிலையோடு என் முன்னால் வந்து நின்றாள். டப்பாவை மறந்துவிட்டாளோ, அதை ஒரு சாக்காக வைத்து வந்தாளோ, தெரியாது.

"அக்கா, கொஞ்சம் சுண்ணாம்பு" என்றாள்.

அன்று காலையில்தான் டப்பாவை நிரப்பி இடுப்பில் செருகியிருந்தேன். சேலைக்கு மேலே புடைத்துக்கொண்டு இருந்தது. அவள் கண் அதன் மேல்தான் இருந்தது.

"இல்லை" என்றேன்.

அவள் வெறும் வெற்றிலையை மடித்து வாயில் போட்டுக்கொண்டு, தேய்த்துக்கொண்டிருந்த சாக்குப் பக்கம் திரும்பிப் போனாள். அவள் வாய் சிவக்கவே இல்லை.