பத்து நிமிடம் ஈரமாக

என் மனைவி சரசுவின் நோய் முதலில் தெரிந்தது ஒரு வெள்ளை பனியனில். வேலம்பாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில், தைத்து வருவதில் குறை பார்க்கும் செக்கிங் வேலை பார்த்தாள். மேசையில் குனிந்திருந்தபோது மூக்கிலிருந்து ஒரு சொட்டு ரத்தம் கையிலிருந்த பனியனில் விழுந்துவிட்டது. மாலையில் அதை மடித்து எடுத்து வந்தாள்.

"ஏனுங்க, உங்க பட்டறையில போட்டா இது போயிருமுங்களா?"

நான் சலவைப்பட்டறையில் துணி வெளுக்கிறவன். போய்விடும் என்றேன். கறை போனது. மூக்கில் ரத்தம் வருவதுதான் நிற்கவில்லை.

இது இரண்டாயிரத்து நான்கு வாக்கில் நடந்தது. கோவையில் பரிசோதித்து, அக்யூட் லுக்கிமியா (வேகமாக முற்றும் ரத்தப் புற்றுநோய்) என்றார்கள். எனக்கு அழுகை வரவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் எல்லாம் போட்டேன்.

முதல் கீமோதெரபி (புற்றணுக்களை அழிக்கும் மருந்தை ஏற்றுவது) முடிந்து வீட்டுக்கு அனுப்பும்போது, வெள்ளை அணுக்கள் குறைவாக இருக்கின்றன, வீடு சுத்தமாக இருக்கட்டும் என்றார் டாக்டரம்மா. கிருமியை ஒழிப்பதா பெரிய வேலை என்று பட்டறையிலிருந்து ஒரு கேன் பிளீச் கொண்டுவந்தேன். கடையில் விற்பதைவிடக் காட்டமானது. தரையில் அப்படியே ஊற்றி, கையோடு துடைத்தேன். சரசு இருமி இருமிக் கண்ணெல்லாம் சிவந்து வெளியே ஓடினாள். எனக்கு ஒரு வாடையும் தெரியவில்லை. பதினெட்டு வருடம் அந்தக் காற்றிலேயே இருந்து என் மூக்கு எப்போதோ மரத்துவிட்டது.

அடுத்த முறை போனபோது வார்டு நர்ஸ் இதைக் கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"பட்டறையில துணிய எப்படிங்க வெளுப்பீங்க?"

"மொதல்ல காஸ்டிக் சோடா போட்டு வேக வெப்போமுங்க. பஞ்சுல இருக்கற எண்ணெப்பசை போனாத்தான் பிளீச்சு புடிக்கும்."

"அப்பறம் ஊட்டுத் தரைக்கு மட்டும் ஏனுங்க நேரா ஊத்துனீங்க?"

தினமும் செய்கிற வேலை, வீட்டு வாசலைத் தாண்டியதும் மறந்துபோயிருக்கிறது.

அதன்பின் முதலில் சோப்புத் தண்ணீர். அழுக்கு இருந்தால் பிளீச்சின் வீரியமெல்லாம் அதனோடு மல்லுக்கட்டியே தீர்ந்துவிடும். பிறகு கடை பிளீச், நர்ஸ் சொன்ன அளவுக்குத் தண்ணீரில் கலந்து, தினமும் புதிதாக. கலந்து வைத்தது நாள்பட்டால் வீரியம் போய்விடும். ஊற்றிய உடனே துடைக்கக் கூடாது, பத்து நிமிடம் தரை ஈரமாக இருக்க வேண்டும். ஆசிட்டோடு சேர்க்கவே கூடாது, விஷவாயு கிளம்பும். உங்கள் வீட்டிலும் இப்படி ஒருவர் இருந்தால் இதை எழுதிச் சுவரில் ஒட்டிவையுங்கள்.

அந்தப் பத்து நிமிடமும் இருவரும் வாசற்படியில் உட்கார்ந்திருப்போம். முடி உதிர்ந்த தலையில் துண்டைச் சுற்றியிருப்பாள். பிறகு நான் போய்த் துடைத்துவிட்டு வருவேன். வாடை போய்விட்டதா என்று அவள்தான் சொல்ல வேண்டும்.

"இன்னும் நாறுதுங்க. உங்க மூக்க எங்கீங்க அடகு வெச்சீங்க?"

சற்றுப் பொறுத்து, "போயிருச்சுங்க, வாங்க" என்பாள். உள்ளே போவோம்.

மூன்றாவது கீமோவுக்குப் பின் குளிர்க்காய்ச்சல் வந்தது. செப்சிஸ் (கிருமித்தொற்றால் உடல் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) என்றார்கள். காரிடாரில் டாக்டரம்மாவை நிறுத்திக் கேட்டேன்.

"நாந்தான் ஏதாச்சும் மூலைய உட்டுட்டனுங்களா?"

"இல்லீங்க. இது பெரும்பாலும் உங்க ஊட்டுத் தரையில இருந்து வந்ததில்லீங்க. நம்ம எல்லாரு குடல்லயும் இருக்கற கிருமிதான். தடுக்க வெள்ளையணு இல்லாததால ரத்தத்துக்குள்ள போயிருச்சு."

பிளீச் தரையில் இருக்கும் கிருமியைக் கொல்லும். உடம்புக்குள் அதற்கு வேலையே இல்லை. உள்ளே போனால் ஆளைத்தான் கொல்லும். இத்தனை நாளும் நான் காவல் காத்தது வெளிவாசலை.

ஐந்தாம் நாள் சரசு போய்விட்டாள். என் தப்பு இல்லை என்பது ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை.

இப்போதும் ஞாயிறுதோறும் வீட்டைக் கழுவுகிறேன். சோப்பு, பிளீச், பத்து நிமிடம். துடைத்துவிட்டு மறுபடி வாசற்படியில் வந்து உட்காருகிறேன். வாடை போய்விட்டதா என்று தெரியவில்லை. வெயில் படிக்கு ஏறும்வரை உட்கார்ந்தே இருக்கிறேன்.