இடது கையில் நீல வட்டங்கள்

காலையில் கடையைத் திறந்ததும் திருச்செல்வம் சட்டையின் இடது கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொள்கிறார். ஏதோ ஒரு டப்பாவைத் திறந்து, பட்டாணி அளவு கிரீம் எடுத்து உள்கையில் தடவுகிறார். தடவிய இடத்தைச் சுற்றி நீலப் பேனாவால் ஒரு வட்டம். பிறகு கடைவாசல் நடைபாதையான அஞ்சடியைத் தாண்டி, கார் நிறுத்தும் இடத்தில் நின்று கையை வெயிலில் நீட்டிக்கொண்டிருப்பார். மலேசியாவின் கிள்ளான் லிட்டில் இந்தியாவுக்குப் புதிதாக வருகிறவர்கள், மனிதர் ஏதோ யாசகம் கேட்கிறார் என்று நினைத்து ஒதுங்கிப் போவார்கள். ஒரு சீன ஆன்ட்டி உள்ளங்கையில் சில்லறையே வைத்துவிட்டுப் போனார். "கோயில் உண்டியல்ல போட்டுட்டேன் லா" என்று திருச்செல்வம் அதையும் சிரிக்காமல்தான் என்னிடம் சொன்னார்.

அவர் வைத்தியரும் இல்லை, அழகு நிலையக்காரரும் இல்லை. ஸ்டிக்கர் அச்சடிப்பவர். கீழே மிஷின், மேல்மாடியில் வீடு, வீட்டில் அவரும் மகள் யாழினியும். ரவாங், சுங்கை வே போன்ற ஊர்களில் அடுப்படியில் சோப்பு, ஸ்கிரப், முகப்பூச்சு என்று செய்து ஆன்லைனில் விற்கிற பெண்கள் வட்ட லேபிளுக்கு அவரைத்தான் தேடி வருவார்கள். இலை, துளி, பூ என்று அவர் போட்டுக் கொடுக்கும் படங்களுக்கு அப்படி ஒரு பெயர் இருந்தது.

இப்போது வருகிறவர்களிடம் படத்தைப் பற்றி அவர் பேசுவதே இல்லை. வார்த்தையைப் பிடித்துக்கொள்கிறார். 'நேச்சுரல்' போடுங்கள் என்றால், எதில் எவ்வளவு நேச்சுரல் என்று கேட்கிறார். 'ஆர்கானிக்' என்பது செடியை எப்படி வளர்த்தார்கள் என்பதைச் சொல்லும், தோலில் என்ன செய்யும் என்பதைச் சொல்லாது என்கிறார். 'ஹைப்போ அலர்ஜெனிக்' என்றால் அரிப்பு வர வாய்ப்புக் குறைவு, வரவே வராது என்று அர்த்தமில்லை. 'அன்சென்டட்' என்றால் வாசனை தெரியாது, அவ்வளவுதான். உள்ளே இருக்கிற நாற்றத்தை அமுக்க இன்னொரு வாசனையைச் சேர்த்திருக்கலாம். எதுவுமே சேர்க்கவில்லை என்றால் 'ஃபிராக்ரன்ஸ் ஃபிரீ' என்று போட வேண்டும். இத்தனையையும் துக்கம் விசாரிக்க வந்தவரின் குரலில் சொல்வார். கேட்கிறவருக்கு முகத்தில் எதையும் பூசிக்கொள்ளும் ஆசையே விட்டுப்போகும்.

போன வாரம் எங்கள் பத்திரிகைக்கு முகவரி ஸ்டிக்கர் அடிக்கச் சொல்ல நான் போயிருந்தபோது ஒரு பெண் ரோஜா ஃபேஸ் பேக்கோடு வந்தாள். 'கெமிக்கல் ஃபிரீ' என்று பெரிதாக வேண்டும் என்றாள்.

"தண்ணியும் கெமிக்கல்தான் தங்கச்சி" என்றார் திருச்செல்வம். "ஒரு டப்பா வச்சிட்டுப் போங்க. நாளைக்குக் கை என்ன சொல்லுதுன்னு பாத்துட்டு அடிக்கலாம்."

அவள் அவர் கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை வட்டங்கள். சில அழிந்து, சில சிவந்து, சிலவற்றுக்குள் தோல் உரிந்து. நாளைக்கு வருகிறேன் அங்கிள் என்று டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு போனாள். பக்கத்துத் தெருவில் கேட்ட வார்த்தையைக் கேட்டபடி அடித்துக் கொடுப்பார்கள். அது அவருக்கும் தெரியும்.

எனக்கு எரிச்சலாக இருந்தது. உங்கள் கைக்கு ஒத்துக்கொண்டால் ஊருக்கே ஒத்துக்கொண்டதாகிவிடுமா என்று கேட்டேன். ஆகாது என்று உடனே ஒப்புக்கொண்டார். அப்புறம் எதற்கு இந்த வேலை என்றேன். மிஷினைத் துடைக்கப் போய்விட்டார்.

காரணம் அந்தத் தெருவுக்கே தெரிந்ததுதான். சுங்கை வே நூர்ஜஹான் ஒரு கிரீம் செய்தார். எலுமிச்சைத் தோலைச் சூடு காட்டாமல் பிழிந்த எண்ணெய் சேர்த்தது. நல்ல மணம். லேபிளில் வர வேண்டியதை அந்த அம்மாள் ஒழுங்காகத்தான் எழுதிக் கொண்டுவந்திருந்தார்: இரவில் மட்டும் பூசவும், பூசிய தோலில் வெயில் படக்கூடாது. அந்த எண்ணெயும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்துவிடும். ஆனால் ஸ்டிக்கர் சின்னது. அந்த வரி உள்ளே வந்தால் இலைக்கு இடமில்லை. எல்லாம் நேச்சுரல்தானே, என்ன செய்துவிடப் போகிறது என்று திருச்செல்வம் வரியை எடுத்துவிட்டு இலையை வைத்தார். '100% நேச்சுரல்' என்பதையும் கொஞ்சம் பெரிதாக்கினார். நூர்ஜஹான் பார்த்துவிட்டு, அழகாக இருக்கிறது அண்ணே என்றார்.

அந்த லேபிளை ஒட்டிப் பார்த்த மாதிரி டப்பா வீட்டில் கிடந்தது. யாழினி பாலர் பள்ளி ஆசிரியை. பிள்ளைகளின் விளையாட்டுப் போட்டியன்று காலையில் அதை எடுத்து முகத்தில் பூசிக்கொண்டு போனாள். நண்பகல் வரை திடலில் நின்றாள். மறுநாள் கன்னங்கள் கொப்புளித்தன. கொப்புளம் ஆறியபோது, விரல் போன வழியெல்லாம் கறுத்திருந்தது. இரண்டு கன்னத்திலும் அவளுடைய விரல்களே பதிந்த மாதிரி. நாளாக ஆக மங்கிவிடும் என்றார் டாக்டர். மங்கிக்கொண்டுதான் இருக்கிறது. ஆனால் பள்ளிக்குத் திரும்பிய அன்று ஒரு குழந்தை அவள் மடியில் ஏற மாட்டேன் என்று அழுதது. அதற்குப் பிறகு அவள் போகவில்லை. மேல்மாடி ஜன்னலில் திரை விழுந்தே கிடக்கிறது.

அவள் அப்பாவைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் மனிதர் தேறியிருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. ஒரே ஒரு முறை, ஆஸ்பத்திரி வாசலில், "உங்க லேபிள்னுதான்ப்பா நம்பிப் போட்டேன்" என்றாளாம். இதை என்னிடம் சொன்னபோது அவர் மிஷினை ஓடவிட்டுக்கொண்டு, அந்த இரைச்சலுக்குள் நின்று சொன்னார்.

அன்றிலிருந்து தழும்புக்கு நல்லது என்று யார் எதைச் சொன்னாலும் வாங்கிவிடுகிறார். டாக்டர் எழுதிக் கொடுத்ததைக்கூட முதலில் தன் கையில் தடவி, வெயிலில் காட்டி, மறுநாள் காலையில் மகளின் அறை வாசலில் போய்க் கையை நீட்டுகிறார். அவள் கதவைத் திறந்து பார்க்கிறாள். வேண்டாம் என்றும் சொல்வதில்லை, கொடுங்கள் என்றும் சொல்வதில்லை. கதவு சாத்திக்கொள்கிறது. டப்பாக்கள் மேஜையில் சேர்ந்துகொண்டே போகின்றன.

நேற்று அந்த முகவரி ஸ்டிக்கரை வாங்கப் போனேன். கட்டு மேலே இருக்கிறது, வாங்க என்று மாடிக்குக் கூட்டிப்போனார். கையில் புதிதாக ஒரு கற்றாழை ஜெல். இடது உள்கையில் இடமே இல்லாததால் வலது கையில் வட்டம் போட முயன்றார். இடது கைக்குப் பேனா வசப்படவில்லை; கோணல் மாணலாக இழுத்தது. யாழினி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நான் இருப்பதைக்கூட அவள் பொருட்படுத்தவில்லை. வெளிச்சத்தில் அந்தக் கன்னத்தைப் பார்த்து நான்தான் தலையைக் குனிந்துகொண்டேன்.

அவள் வந்து அவர் விரல்களிலிருந்து பேனாவை எடுத்தாள். தன் சட்டைக் கையைச் சுருட்டி, உள்கையில் ஒழுங்காக ஒரு வட்டம் போட்டாள்.

"இதுல தடவுங்கப்பா" என்று நீட்டினாள்.

திருச்செல்வம் அந்தக் கையைப் பார்த்தார். ஒரு புள்ளி இல்லாத கை. டப்பாவின் மூடியில் விரல் வைத்தார். திறப்பார் என்று நினைத்தேன். அவர் அதை இன்னும் இறுக்கித் திருகி, மூடினார்.