மேட்டு லயம், கடைசி வீடு

கோலாலம்பூருக்குப் படிக்க வரும் வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குக் கையைக் கடிக்காமல் ஊர் சுற்றக் கற்றுத்தருவதில் என் பழைய அறைத்தோழியை மிஞ்ச ஆள் கிடையாது. மெச்சிச் சொல்லவில்லை, வயிறு எரிந்து சொல்கிறேன். காலையில் முதல் ரயில், அன்றைக்கே திரும்பும் ரயில், இரண்டுக்கும் முன்கூட்டியே மலிவு டிக்கெட், பையில் கட்டுச்சோறு, நிலையத்திலிருந்து நடந்து போகிற தூரத்தில் பார்க்க ஓர் இடம். இதுதான் அவள் காணொளிகளில் சொல்லும் சட்டம். அதில் பாதி நான் சொல்லிக்கொடுத்தது.

அவள் தமிழ்நாட்டிலிருந்து மேற்படிப்புக்கு வந்தவள். நான் ஈப்போக்காரி, வேலைக்காகக் கோலாலம்பூரில் அறை எடுத்திருந்தேன். வந்த புதிதில் ஞாயிற்றுக்கிழமையானால் அழ ஆரம்பித்துவிடுவாள். "வா, எங்க பக்கம் போலாம்" என்று நான்தான் அவளை ரயில் ஏற்றினேன். காம்பாரில் இறங்கி, ஈயம் தோண்டிவிட்டுப் போன பழைய குட்டைகளின் ஓரமாக நடந்தோம். ஈப்போவில் ஒரே ஒரு வெள்ளைக் காப்பி வாங்கி ஆளுக்குப் பாதி குடித்தோம். கடைக்காரச் சீனர் முறைத்தார். "முறைக்கிறதுக்குத் தனியா காசு கேக்கலையேடி, குடி" என்றாள். அப்படிச் சிரிக்க வைப்பாள். அந்தச் சிரிப்பில்தான் நான் ஏமாந்தேன்.

ஈப்போ வரைக்கும் வந்து வீட்டுக்குப் போகாமல் திரும்ப முடியுமா? அம்மாவுக்கு அவளைக் கண்டதும் பிடித்துவிட்டது. "கடல் தாண்டி வந்து கெடக்கு, எலும்பும் தோலுமா இருக்குலா" என்று நெத்திலி சம்பலும் சோறுமாகப் போட்டுக்கொண்டே இருந்தாள். அதன் பிறகு நான் வராத வாரங்களில்கூட அவள் தனியாக ரயிலேறி அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். திரும்பும்போது கையில் ஒரு பொட்டலம் முறுக்கு இருக்கும்.

தீபாவளிக்கு முந்தின வாரம் எங்கள் பக்கத்தில் செத்தவர்களைப் போய்க் கும்பிடுவோம். சமாதியைக் கழுவி, புல் பிடுங்கி, மாலை போட்டு, பிடித்ததைப் படைப்போம். என் அப்பா இருப்பது கோலா கங்சார் பக்கம், நாங்கள் பிறந்த தோட்டத்தில். ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்துவிட்டது. நாங்கள் குடியிருந்த லயங்களை, அந்த வரிசை வீடுகளை, இடித்துத் தள்ளிவிட்டார்கள். புதிய முதலாளியின் வேலிக்கு உள்ளே இடுகாடு மட்டும் மிச்சம். அங்கே போக எங்களுக்கு எழுத்தில் எந்த உரிமையும் இல்லை. வாசலில் காவலுக்கு இருந்தவர் அதே தோட்டத்தில் பிறந்தவர், அவ்வளவுதான். முகம் மறந்துபோனவர்கள் வந்தால், "எந்த லயம்?" என்பார். ஸ்டோர் லயம், கோயில் லயம், மேட்டு லயம் என்று ஒன்றைச் சொல்லி, எத்தனையாவது வீடு என்றும் சொன்னால் சங்கிலியை அவிழ்ப்பார். யாரையும் கூட்டமாகச் சேர்க்காதீர்கள், சத்தம் போடாதீர்கள், துரைக்குத் தெரியக்கூடாது. இது எங்களுக்குள் இருந்த பேச்சு.

அந்த வருடம் அம்மா அவளையும் கூட்டிக்கொண்டாள். காவலாளி அவளை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது யாரு, அக்கா?"

"மேட்டு லயம், கடைசி வீடு. நம்ம புள்ளதான்லா" என்றாள் அம்மா.

அவர் சிரித்துக்கொண்டே திறந்துவிட்டார். உள்ளே அவள் வாளியில் தண்ணீர் சுமந்து வந்து அப்பாவின் சமாதியைக் கழுவினாள். கையில் முள் குத்தியும் புல் பிடுங்குவதை விடவில்லை. எனக்கு ஒரு கூடப்பிறந்தவள் கிடைத்துவிட்டாள் என்றே நினைத்தேன். கைப்பேசியை எடுத்தபோது, "இங்க வேணாம்" என்றேன். உடனே பைக்குள் வைத்துவிட்டாள்.

சில மாதங்கள் கழித்து அலுவலகத்தில் ஒருத்தி ஒரு காணொளியைக் காட்டினாள். பேராக் மாநிலத்தில் யாருக்கும் தெரியாத பழைய தோட்டம், மாணவர்களுக்கு ஏற்ற ஒருநாள் ரயில் பயணம். குரல் என் தோழியுடையது. எந்த ரயில், எங்கே இறங்குவது, வாடகைக் காரை எப்படிப் பங்கு போட்டுக்கொள்வது, எல்லாம் எங்கள் சட்டப்படி. நாங்கள் போட்ட மாலையோடு அப்பாவின் சமாதி திரை முழுக்க நின்றது. அன்றைக்கு நான் பார்க்காத நேரத்தில் எடுத்திருக்கிறாள். கடைசியில் சொன்னாள்: "கேட்ல கேட்டா மேட்டு லயம், கடைசி வீடுன்னு சொல்லுங்க. உடனே விட்டுடுவாங்க."

அறைக்குத் திரும்பியபோது அவள் ரசத்துக்குத் தாளித்துக்கொண்டிருந்தாள்.

"உன்னை யாருடி அதைச் சொல்லச் சொன்னது?"

"எவ்ளோ அழகான இடம்! நாலு பேரு பாக்கட்டுமேன்னுதான்" என்றாள். "ஏன் இப்படிக் கத்துற? அம்மாவே என்னை மேட்டு லயம்னுதானே சொன்னாங்க?"

உண்ட வீட்டுக்கு ரெண்டகம் என்று ஊரில் சொல்வார்கள். உண்டவள் அதை ரெண்டகம் என்றே உணராமல் கரண்டியும் கையுமாக நிற்பாள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. காணொளியை எடுத்துவிடு என்றேன். எடுத்தாள். அதற்குள் ஊரெல்லாம் பார்த்தாகிவிட்டது. பிள்ளைகள் கும்பல் கும்பலாகப் போயிருக்கிறார்கள். சமாதி மேல் உட்கார்ந்து கட்டுச்சோறு சாப்பிட்டுப் படம் பிடித்திருக்கிறார்கள். விஷயம் மேலே போய், காவலாளியை வாசலிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்று கேள்வி. அவளும் வேறு அறை பார்த்துப் போய்விட்டாள். அம்மாவிடம் நான் மூச்சு விடவில்லை. எப்படிச் சொல்ல?

இந்த வருடம் தீபாவளிக்கு முன்னால் அம்மாவும் நானும் ரயிலில் போய் இறங்கினோம். தோட்டத்து வாசலில் பழைய சங்கிலி இல்லை, புது இரும்புக் கதவு இருந்தது. காவலுக்கு ஒரு நேப்பாளி இளைஞன். அம்மா மாலையும் தூக்குச்சட்டியுமாகக் கதவை ஒட்டி நின்று, மலாய் பாதி தமிழ் பாதியாகச் சொன்னாள்.

"மேட்டு லயம், கடைசி வீடு. எங்க ஊட்டுக்காரரு உள்ள இருக்காரு."

அவன் சிரித்துவிட்டான். வருகிறவர்கள் எல்லாரும் இதையேதான் சொல்கிறார்கள் என்று மலாயில் சொன்னான். கெட்டவன் இல்லை, அலுத்துப்போனவன். நான் கெஞ்சினேன், கத்தினேன், கதவை உதைக்கவும் செய்தேன். ஒன்றும் நடக்கவில்லை. அம்மா மாலையைக் கதவுக் கம்பியில் சொருகி, அங்கிருந்தே செம்பனை மரங்களைப் பார்த்துக் கும்பிட்டாள். அப்பாவின் சமாதி அங்கிருந்து தெரியாது.

திரும்பும் ரயிலில் அம்மா பையிலிருந்து முறுக்குப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தாள்.

"அந்தப் புள்ளகிட்ட குடுத்துரு. இன்னிக்கு அதையும் கூட்டியாந்திருக்கலாம்லா. அதுக்கு நல்ல வாய். எப்படியாச்சும் பேசி நம்மள உள்ள கூட்டிப் போயிருக்கும்."

அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவள் மேல் அம்மா மண்ணை வாரித் தூற்ற வேண்டும், சாபம் கொடுக்க வேண்டும் என்று காத்திருந்தேன். அம்மா பொட்டலத்தை என் மடியிலிருந்து எடுத்துப் பைக்குள் வைத்தாள்.

"நம்ம புள்ளன்னு நான்தானே சொன்னேன்" என்றாள்.