வீரணன் வாத்தியார் கட்டிய ஸ்டேஷன்

காலை முதல் வகுப்பு. கரும்பலகையில் பின்னக் கணக்கு ஒன்றைப் பாதி போட்டிருந்தேன். பிள்ளைகள் எல்லாரும் என்னை விட்டுவிட்டு வாசலைப் பார்த்தார்கள். திரும்பினால் பேச்சியம்மாள் நின்றுகொண்டிருந்தாள். செல்லூரிலிருந்து ஓட்டமும் நடையுமாக வந்திருக்கிறாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. "அண்ணே, மாமா எந்திரிக்கல. காப்பி கொண்டாந்தேன். சுவத்துல சாஞ்சு ஒக்காந்தாப்புல இருக்காக. கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பாத்தேன், எந்திரிக்கல" என்றாள். சாக்குக்கட்டியைக் கீழே வைத்ததுகூட எனக்கு நினைவில்லை.

பேச்சியம்மாள், வீரணன் வாத்தியாரின் மருமகளாக இருந்தவள். இப்போது வேறொருவருடைய மனைவி. ஆனாலும் தினமும் காலையில் அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுப்பாள். இது எப்படி என்று வெளியூர்க்காரர்கள் கேட்கிறார்கள். உள்ளூரிலும் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். பக்கத்து வீட்டிலிருந்து பார்த்தவன் நான். சொல்லிவிடுகிறேன்.

இதைப் படிக்கிற பலர் அவரிடம் படம் வரையக் கற்றவர்கள். அதாவது திட்டு வாங்கியவர்கள். டிராயிங் மாஸ்டர் என்றால் மற்ற வாத்தியார்களுக்கு எப்போதுமே கொஞ்சம் இளக்காரம். அவர் அதைச் சட்டை செய்ததில்லை. எங்களை எங்கள் பாடத்தின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார். நான் அவருக்குக் 'கணக்கு'. பையன்களிடம் அவர் அடிக்கடி சொன்னது ஒன்று உண்டு: "பானைய வரையிறதுக்கு முந்தி அதுக்குள்ள தண்ணி இருக்கான்னு பாருடா." தண்ணீர் இருக்கிற பானைக்கும் இல்லாத பானைக்கும் கோட்டில் என்ன வித்தியாசம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. அவருக்குத் தெரிந்தது.

மனைவி இறந்தபிறகு அவருக்கு இருந்தது ஒரே மகன், சுந்தரம். என்னிடம் படித்தவன். நிற்கும்போது தலையை இடது பக்கம் சாய்த்துக்கொண்டே நிற்பான். பேச்சியம்மாளைக் கட்டிய சில மாதங்களில் ரங்கூனில் ஓர் அரிசி மில்லில் வேலை என்று கப்பலேறினான். பின்னாலேயே சண்டை வந்தது. ரங்கூனில் குண்டு விழுந்தது. நம் ஜனங்கள் காட்டு வழியே நடந்து, கல்கத்தாவுக்கோ சிட்டகாங்குக்கோ வந்து, அங்கிருந்து ரயிலேறி ஊர் திரும்பத் தொடங்கினார்கள். சுந்தரத்திடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

பள்ளிக்கூடம் விட்டதும் வாத்தியார் வைகைக் கல்பாலம் தாண்டி மதுரை ஸ்டேஷனுக்குப் போவார். வடக்கேயிருந்து வருகிற வண்டி வந்து, அதிலிருந்து எல்லாரும் இறங்கி முடிகிறவரை நிற்பார். கையில் ஒரு தகரப்பெட்டியும் காலெல்லாம் புண்ணுமாக இறங்குகிறவர்களிடம் மகனைப் பற்றிக் கேட்பார். ஒருவர், சுந்தரம் என்ற பையன் வழியில் காய்ச்சலில் படுத்துவிட்டான் என்றார். இன்னொருவர், சுந்தரத்தைக் கல்கத்தாவில் பார்த்தேன், நன்றாக இருக்கிறான் என்றார். ரங்கூனில் எத்தனை சுந்தரங்களோ! வாத்தியார் இரண்டையும் கேட்டுக்கொண்டார், எதையும் நம்பவில்லை.

காத்திருக்கிற நேரத்தில் கை சும்மா இருக்காதே. ஒருநாள் தாளை எடுத்துப் பிளாட்பாரத்தை வரையத் தொடங்கினார். யுத்த காலத்தில் ஸ்டேஷனைப் படம் போடக் கூடாது என்று சட்டம். ஒரு போலீஸ்காரர் வந்து தாளைப் பிடுங்கிக்கொண்டு, "ஜப்பான்காரனுக்குப் படம் போட்டுக் குடுக்கிறியா?" என்று அதட்டினார். வேறு யாராக இருந்தாலும் காலில் விழுந்திருப்பார்கள். இவர், "ஜப்பான்காரன் எம் மகன அனுப்பி வைப்பான்னா கட்டாயம் போட்டுக் குடுப்பேன்" என்றார். பிடித்து உட்கார வைத்துவிட்டார்கள். தலைமை ஆசிரியர் போய்க் கெஞ்சி மீட்டு வந்தார். வழி நெடுக வாத்தியாரைத் திட்டிக்கொண்டே வந்தாராம்.

அதற்குப் பிறகுதான் அந்த வேலை தொடங்கியது. பின்னறையில் இரண்டு பழைய கதவுகளைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் மதுரை ஸ்டேஷனையே கட்டினார். தாள் கூடாது என்றுதானே சட்டம்? கண்ணால் பார்த்துக்கொண்டு வந்து வீட்டில் செய்தார். ஒரு நாளைக்கு ஒரு பொருளைத்தான் பார்ப்பாராம். பிஸ்கட் டின்னை வெட்டி, சீப்பின் பல்லில் வைத்து அழுத்தி, கூரைத் தகரத்துக்கு மடிப்பு எடுத்தார். விமானக் குண்டுக்குப் பயந்து அங்கே செய்திருந்ததுபோலவே விளக்குகளுக்குக் கறுப்புத் தாளில் முக்காடு. ஜன்னல் கண்ணாடிகளில் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிய தாள் பட்டை. விரல் நகம் அளவு மணல் மூட்டைகளைப் பேச்சியம்மாள் தைத்துக் கொடுத்தாள். உள்ளே வைகை மணல் இருந்தது. துணியை அடைத்தால் மூட்டை உட்காருகிற உட்காரலே வேறு என்று அவர் சொல்லிவிட்டாராம்.

ஆட்களை நெட்டியில் செய்தார். மாட்டுப் பொங்கலுக்கு மாலை கட்டுகிற அதே லேசான நெட்டித் தண்டுதான். துப்பாக்கிச் சிப்பாய், போர்ட்டர், ஒரு தோள் தாழ்ந்த கடலைக்காரி, பெட்டியின்மேல் உட்கார்ந்து அழுகிற ஒரு ரங்கூன் அம்மாள். ஒவ்வொன்றும் விரல் உயரம். எல்லாரும் அவர் நேரில் பார்த்தவர்கள். "எதுக்குண்ணே இம்புட்டுப் பாடு?" என்று கேட்டேன். "தெனமும் போயிட்டு வெறுங்கையோட திரும்ப முடியல, கணக்கு. யாராச்சும் ஒரு ஆளையாவது வீட்டுக்குக் கூட்டிட்டு வாரேன்" என்றார். கூரைத் தகரத்தைப் பார்ப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

அந்த ஸ்டேஷனில் எல்லாம் இருந்தது, ரயில் மட்டும் இல்லை. தண்டவாளம் வெறுமனே கிடந்தது. யுத்த நிதிக் கண்காட்சிக்கு வைக்கலாம் என்று பார்க்க வந்த தலைமை ஆசிரியர், "ரயில் இல்லாமல் என்ன ரயில்வே ஸ்டேஷன்? ஒரு மிலிட்டரி ஸ்பெஷலாவது செய்து நிறுத்தும்" என்றார். வாத்தியார், "வண்டி வந்தா எல்லாரும் எறங்கணும் சார். எறங்காதது யாருன்னு பாக்க எனக்குத் தெம்பில்ல" என்றார். தலைமை ஆசிரியர் வேறு எதையோ கண்காட்சிக்குக் கொண்டுபோனார்.

சண்டை முடிந்தது. நிஜ ஸ்டேஷனில் விளக்குகளின் முக்காட்டைக் கழற்றினார்கள். வாத்தியார் வீட்டில் கழற்றவில்லை. பர்மாவிலிருந்து வருகிறவர்கள் குறைந்து, பிறகு இல்லாமலே போனார்கள். அவர் போவது நிற்கவில்லை. இதற்கு நடுவில் பேச்சியம்மாளுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. அவள் அண்ணன் உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தான். தங்கைக்கு வேறு இடத்தில் கட்டிக்கொடுக்க வேண்டும் என்பது அவன் நியாயம். அதில் தப்பு என்ன?

அவர்கள் வழக்கத்தில் ஒரு பெண் மறுபடி கட்டிக்கொள்ள இரண்டே வழி. புருஷன் செத்திருக்க வேண்டும். அல்லது நாலு பேர் முன்னால் அவன் ஒரு துரும்பை எடுத்து அவள் கையில் கொடுக்க வேண்டும். துரும்பு வாங்கிவிட்டால் அந்தக் கல்யாணம் தீர்ந்தது. "நான் குடுக்கிறேன் துரும்ப" என்றார் வாத்தியார். "மகனுக்குப் பதிலா அப்பன் குடுக்கிறதா? அது என்ன கூத்து?" என்றார் வந்தவர்களில் மூத்த பெரியவர். வைக்கோலில் ஓர் உருவம் செய்து கொள்ளி வைத்துவிட்டால் காரியம் முடிந்தது, ஊரில் எத்தனையோ பேர் அப்படிச் செய்திருக்கிறார்கள் என்று அவரே வழியும் சொன்னார். "எம் மகன் செத்தத எவன் பாத்தான்? பாத்தவன் வந்து சொல்லட்டும், வைக்கிறேன் கொள்ளி!" என்று வாத்தியார் போட்ட சத்தத்தில் தெருவே கூடிவிட்டது. வந்தவர்கள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போனார்கள்.

பேச்சியம்மாள் அதுவரை வாய் திறந்ததில்லை. அன்றைக்குப் பின்னறை வாசலில் நின்று, மெதுவாகத்தான் சொன்னாள். "மாமா, அந்தப் பிளாட்பாரத்துல தூணோரமா என்னையவும் செஞ்சு நிப்பாட்டியிருக்கீக. நாம்பாட்டுக்கு நிக்கிறேன். எம்புட்டு நாளைக்கு நிக்க, அதையும் சொல்லிருங்க." அவள் சொன்னபிறகுதான் நானே கவனித்தேன். தூணுக்குப் பக்கத்தில் முந்தானையைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றது. வாத்தியார் மறுநாள் பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டார்.

சில நாள் கழித்து அந்தப் பெரியவர்களுக்கும் தன் பங்காளிகளுக்கும் ஆள் அனுப்பினார். என்னையும் கூப்பிட்டார். பின்னறைக்குள் போனால் தண்டவாளத்தில் ரயில் நின்றது. ஒரு எஞ்சின், ஒரே ஒரு பெட்டி. பெட்டி வாசலில் சட்டை போட்ட ஒரு பையன் இறங்கி நின்றான். தலை இடது பக்கம் சாய்ந்திருந்தது. வலது கையை முன்னால் நீட்டியிருந்தான். அந்தக் கையில் நிஜமான வைக்கோல் துரும்பு ஒன்று செருகியிருந்தது. ஆளைவிடத் துரும்பு நீளம். சிரிக்க வேண்டிய காட்சிதான். யாரும் சிரிக்கவில்லை.

"எம் மகன் வந்துட்டான். அவன் கையாலதேன் குடுக்கிறான். பாத்துக்கங்க" என்றார் வாத்தியார். அவர் குரலில் வம்பு இல்லை. மூத்த பெரியவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். சுந்தரத்தைச் சின்னப் பிள்ளையிலிருந்து பார்த்தவர் அவர். "தலச் சாய்வப் பாருய்யா. அவந்தேன்" என்றார். பிறகு நிமிர்ந்து, "ஏத்தா, வாங்கிக்கிறியா?" என்று கேட்டார். பேச்சியம்மாள் கையை நீட்டித் துரும்பைப் பிடித்து உருவினாள். நெட்டிக்கு ஏது கனம்? பொம்மை ஆடிச் சாயப் பார்த்தது. வாத்தியார் ஒரு விரலால் அதன் காலைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார். "வாங்கிட்டா. அம்புட்டுத்தேன். கெளம்புங்கப்பா" என்றார் பெரியவர். எல்லாரும் போனபிறகு தூணோரம் நின்ற பெண்ணை எடுத்து, "நீ வீட்டுக்குப் போத்தா" என்று பேச்சியம்மாள் கையிலேயே கொடுத்தார். அவள் அழுதாள். நானும் அழுதேன், அதில் என்ன வெட்கம்?

அவளை இதே செல்லூரில் மில் வேலைக்குப் போகிற தவசிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். கல்யாணத்தன்று சாயங்காலம் பார்க்கிறேன், வாத்தியார் குடையை எடுத்துக்கொண்டு கல்பாலத்தில் போகிறார். எனக்குப் பொறுக்கவில்லை. "வந்துட்டான்னு நாலு பேருக்கு முன்னாடி சொன்னீகளேண்ணே?" என்றேன். "அது அவளுக்கு வந்த வண்டி. எனக்கு இன்னும் வரல" என்றார். அன்றைக்கே ரயிலையும் பையனையும் எடுத்துவிட்டிருந்தார். தண்டவாளம் பழையபடி வெறுமனே கிடந்தது. சுதந்திரம் வந்து, ஸ்டேஷனில் கொடி கட்டி, மிட்டாய் கொடுத்த அன்றும் அவர் போய் நின்றுவிட்டுத்தான் வந்தார்.

அவர் இறந்த அன்று வீட்டுக்குள் நிற்க இடமில்லை. பழைய மாணவர்கள் வந்தார்கள். எங்களுக்கு முன்பின் தெரியாத சில போர்ட்டர்களும் ஒரு கடலைக்காரியும் வந்தார்கள். பின்னறையை எட்டிப் பார்த்த கடலைக்காரி தன்னையே அங்கே பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். தம்பி மகன் கொள்ளி வைத்தான். ஆற்றிலிருந்து திரும்பி வந்து உட்கார்ந்ததும் பங்காளிகள் கருமாதிப் பேச்சை எடுத்தார்கள். அப்பனுக்குச் செய்கிறபோதே மகனுக்கும் சேர்த்துச் செய்துவிடலாம், இனிமேல் வேண்டாம் என்று சொல்ல யார் இருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னார். யாரும் மறுக்கவில்லை. அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லையே.

உள்ளே பெண்களோடு உட்கார்ந்திருந்த பேச்சியம்மாள் எழுந்து வந்தாள். வேறு வீட்டு மருமகள், அங்கே பேச அவளுக்கு உரிமை கிடையாது. தவசி தடுப்பார் என்று நினைத்தேன். அவர் நகர்ந்து வழி விட்டார். "அவரு எனக்குத் துரும்பு குடுத்தாரு. நீங்க அம்புட்டுப் பேரும் நின்னு பாத்தீக. செத்தவுக வந்து துரும்பு குடுப்பாகளா?" என்று கேட்டாள். உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து சாவுக்கு வந்திருந்த அந்த மூத்த பெரியவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "மகனுக்குக் கருமாதி வேண்டாம். அவன் இருக்கான்" என்றார்.

கருமாதி வாத்தியாருக்கு மட்டும்தான் நடந்தது. அவரிடமிருந்து எனக்கு என்ன மிஞ்சியது என்று கேட்டால், ஒரு வேலை மிஞ்சியிருக்கிறது. பள்ளிக்கூடம் விட்டதும் ஸ்டேஷனுக்குப் போகிறேன். வடக்கேயிருந்து வருகிற வண்டியில் கடைசி ஆள் இறங்குகிறவரை நிற்கிறேன்.