மேற்கு ஜன்னலுக்கு ஒரு நீலத் துணி

போன வாரம் கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரர் மாடிக்கு வந்தார். வாடகை விஷயமாக இருக்கும் என்று பார்த்தால், என் அறை ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஏங்க, இந்த மாடியில எல்லா ஜன்னலுக்கும் சந்தனக் கலரு. உங்க ரூமுக்கு மட்டும் கருநீலமா? துணி பத்தாமப் போச்சா?"

"ஆமாங்க... பத்தலை" என்றேன்.

பொய் சொல்லவில்லை. மீதித் துணி வந்து சேரவில்லை, அவ்வளவுதான். ஏன் வரவில்லை என்பதை அவரிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

கடற்கரைக்குப் போகும் ரோட்டில் நான் இந்தச் சின்னக் கட்டடத்தைக் கட்டி முடித்த சமயம். கீழே மூன்று கடைகள். மாடியில் ஓர் இன்ஷூரன்ஸ் ஆபீஸ், மூலையில் எனக்கு ஓர் அறை. எல்லா ஜன்னல்களும் மேற்குப் பார்த்தவை. மத்தியானத்துக்கு மேல் உள்ளே உட்கார்ந்தால் அப்பளம் மாதிரி பொரிந்துபோக வேண்டியதுதான். "நல்ல கர்ட்டனாப் போட்டுக் கொடுங்க சார், அப்பதான் வருவோம்" என்று ஆபீஸ் மேனேஜர் சொல்லிவிட்டார்.

கர்ட்டன் தைக்கும் ஹமீது பாயைக் கூப்பிட்டேன். அவர் கடையில் வைத்துத் துணி எடுக்க விடமாட்டார். "டியூப் லைட்டுல பார்த்து எடுத்தவன் ஏமாந்தவன் அண்ணே" என்பார். மாதிரித் துணிகளைக் கொண்டுவந்து, சரியாக மூன்று மணிக்கு, கர்ட்டன் போடப்போகிற ஜன்னலிலேயே கட்டித் தொங்கவிடுவார். என்னை உள்ளே உட்காரவைத்துப் பேப்பர் படிக்கச் சொல்வார். அவர் ரோட்டில் நின்று உள்ளே ஆள் தெரிகிறதா என்று பார்ப்பார். வெள்ளையில் கண் கூசியது. பச்சையில் என் முகம் ஆஸ்பத்திரியில் படுத்தவன் முகம் மாதிரி இருந்ததாம்... அவரே சிரித்தார்.

அந்த வாரம்தான் கஸ்தூரியிடமிருந்து ஒரு பார்சல் வந்தது. கஸ்தூரி எங்கள் ஒரே மகள். பிரெஞ்சு நேஷனாலிட்டி உள்ள மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து, பிரான்சுக்குப் போய் ஆறு வருஷம். அங்கே ஒரு திரைத்துணிக் கடையில்தான் வேலை. ஒரு ஜன்னலுக்கான துணியும் கூடவே ஒரு கடிதமும் வைத்திருந்தாள். "பிடித்திருந்தால் எழுதுங்கப்பா. மீதியை நானே எடுத்துக்கொண்டு, திறப்பு விழாவுக்கு வருகிறேன்."

பிரித்தேன். கருநீலம்.

ஹமீது பாய் அதைக் கட்டிப் பார்த்தார். "மாஷா அல்லாஹ்! மூணு மணி ஆறு மணியா ஆயிடுச்சே அண்ணே. வெயிலும் வரலை, காத்தும் நிக்கலை. இதையே போடுங்க."

எனக்கு மனசு ஒப்பவில்லை. சனிக்கிழமை தவறாமல் திருநள்ளாறு போய் எள் தீபம் போடுகிறவன் நான். அங்கே சனி பகவானுக்குச் சாத்துகிற நிறம் அல்லவா இது? புதுக் கட்டடத்தில் முதன்முதலாக இதையா தொங்கவிடுவது? பார்க்கிறவர்கள் நாலு வார்த்தை சொல்ல மாட்டார்களா?

"துணிக்கு என்ன அண்ணே தெரியும், அது எந்தச் சாமிக்குன்னு?" என்றார் பாய்.

நான் கேட்கவில்லை. அன்றைக்கே ஏர்மெயிலில் எழுதிப் போட்டேன். 'இந்த ஊரில் பிறந்த பெண்ணுக்குக் கருநீலம் யாருக்குரியது என்று தெரியாதா? ஆறு வருஷத்தில் ஊர் மறந்துவிட்டதா? அந்தத் துணி வேண்டாம்.'

சாயங்காலம் என் மனைவி பார்வதி கேட்டாள். "பாப்பாவுக்கு என்னங்க எழுதுனீங்க?"

சொன்னேன். கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள்.

"துணி புடிச்சிருந்தா எடுத்துக்கிட்டு வர்றேன்னுதானே எழுதியிருந்தா? நீங்க துணியையா வேணாம்னீங்க... அவ வர்றதையில்ல வேணாம்னுட்டீங்க!"

சுரீர் என்றது. இது ஏன் எனக்குத் தோன்றவில்லை?

மறுநாள் தபாலாபீசுக்கு ஓடினேன். பெட்டியில் போட்ட கடிதம் தபால் பையோடு போயாச்சு. கொஞ்சம் யோசித்து ஒரு தந்தி கொடுத்தேன் — நீலம் சரி, புறப்பட்டு வா. கவுண்டரில் இருந்தவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "தந்தியில கலரு எழுதுன மொத ஆளு நீங்கதான்."

கடிதம், தந்தி இரண்டில் எது முந்தியதோ தெரியாது. மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது.

"அப்பா, சனீஸ்வரன் நிறம் என்று எனக்கு நினைவே வரவில்லை. மன்னித்துக்கொள்ளுங்கள். உங்கள் பழைய மளிகைக்கடையில் மேற்கு ஜன்னலடியில் நான் வீட்டுப்பாடம் எழுதுவேன் அல்லவா? முகத்தில் வெயில் அடிக்கிறது என்று உங்கள் நீலக் கைலியை நனைத்துக் கட்டிவிடுவீர்கள். எங்கே நீலத் துணியைப் பார்த்தாலும் எனக்கு அதுதான். அதனால்தான் அதை எடுத்தேன். உங்களுக்குப் பிடிக்கவில்லையே என்று லீவை வேண்டாமென்று சொல்லிவிட்டேன். அந்த நாட்களைக் கடையில் இன்னொருத்தி லீவாக எடுத்துக்கொண்டாள். தந்தியை எங்கள் பழைய விலாசத்துக்குக் கொடுத்துவிட்டீர்கள்; சுற்றி வந்து பிறகுதான் கிடைத்தது. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

ஊரை மறந்துவிட்டாளா என்று கேட்டேனே... மறந்தது யார்? அன்றைக்குக் கைலியைக் கட்டியபோது அந்த நிறம் ஆகுமா ஆகாதா என்று பார்த்தேனா? பிள்ளை முகத்தில் வெயில் படக்கூடாது என்று மட்டும்தானே பார்த்தேன்!

திறப்பு விழா நடந்தது. ஆபீசுக்கு மேனேஜர் விருப்பப்படி சந்தனக் கலர். கஸ்தூரி அனுப்பிய துணியை என் அறைக்குத் தைத்துத் தரச் சொன்னேன். பாய் உப்புக்காற்றில் துருப்பிடிக்காத பித்தளை வளையமாகப் பார்த்துப் போட்டுக் கொடுத்தார்.

அந்தச் சனிக்கிழமை சன்னிதியில் நின்று பகவானிடம் சொன்னேன். 'உன் நிறம்தான் சாமி. ஆனால் என் பிள்ளை எடுத்துக் கொடுத்தது. கோபித்துக்கொள்ளாதே.' கோபித்ததாகத் தெரியவில்லை. கடைகள் நன்றாகவே நடக்கின்றன.

ஆயிற்று, இரண்டு 'அடுத்த வருஷம்' போய்விட்டது. மூன்று மணிக்கு அந்தத் துணியை இழுத்து மூடினால் இன்றைக்கும் ஒரு பொட்டு வெயில் உள்ளே வராது. நல்ல தேர்வு. ஆனால் எனக்குத்தான் அதை மூடிவைக்க முடிவதில்லை.

ரோட்டில் ஏதாவது டாக்சி நிற்கிற சத்தம் கேட்டுவிடுகிறதே!