அமிலம் தீர்ந்துபோன வாரம்

குடும்ப ஆவணப் பெட்டியில் இந்த ஆய்வாளரின் கட்டுரைப் பட்டியல் இரண்டு தாள்களில் இருக்கிறது. மொத்தம் முப்பத்தொன்று. எலும்பு நோய்களைப் பற்றி ஒன்பது, ரத்த நோய்களைப் பற்றிப் பதின்மூன்று, கல்லீரல் நோய்களைப் பற்றி ஏழு. மூன்றையும் ஒருசேரத் தொட்டவை இரண்டு. அந்த இரண்டில் முந்தியதான பன்னிரண்டாம் எண்ணின் மேல் ஒரு மெல்லிய கோடு ஓடுகிறது. எழுத்து மறையாதபடி, அளவுகோல் வைத்து, அவரே தம் கையால் அடித்த கோடு. உறவினரில் யாரைக் கேட்டாலும் மற்ற முப்பதையும் விட்டுவிட்டு அந்தக் கோட்டின் கதையைத்தான் சொல்வார்கள்.

சிறுவயதில் அவருக்கு அண்ணன் வைத்த பெயர் குடைச்சல். ஒரு கேள்வி கையில் சிக்கினால் விடை வரும்வரை எதிரே இருப்பவரைச் சாப்பிட விடமாட்டார். மருத்துவம் படித்து, ஒரு பெரிய மருத்துவமனையின் இரண்டாம் மாடியில், நோயாளிகளின் உடல் துணுக்குகளைச் சோதிக்கும் பிரிவில் சேர்ந்த பிறகும் பெயர் மாறவில்லை. அவருக்கும் அதில் வருத்தமில்லை. ஆகவே இங்கும் அப்படியே குறிக்கலாம்.

பன்னிரண்டாம் கட்டுரை வந்தபோது அவருக்கு நாற்பத்தொரு வயது. அடிக்கடி ரத்தம் ஏற்றிக்கொள்ள வேண்டிய ஒருவகைச் சோகை நோயாளிகள் அறுபத்திரண்டு பேரை ஆறு ஆண்டுகள் ஆராய்ந்து எழுதியது. ஏற்றிய ரத்தத்தின் இரும்பு உடம்பிலேயே தங்கிவிடும். துணுக்கில் இரும்பு இருந்தால் ஒருவகைச் சாயத்தில் அது நீலமாகத் தெரியும். அந்த நோயாளிகளின் கல்லீரல் துணுக்குகள் நீலம் பாரித்துக் கிடந்தன; இடுப்பெலும்புத் துணுக்குகளிலோ ஒரு பொட்டு நீலம் இல்லை. கல்லீரல் இரும்பில் மூழ்கிக்கிடக்க, எலும்பின் மஜ்ஜை இரும்புக்கு ஏங்குகிறது என்பது அவர் கண்ட முடிவு. அதுவரை யாரும் சொல்லாத முடிவு.

அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை. கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தவர், கட்டுரையின் முதல் பக்கத்தைச் சட்டம் போட்டு, எழுத்துப் பலகைக்குப் பக்கத்திலேயே மாட்டினார். கிட்டப்பார்வை சோதிக்க வருபவர்கள் எல்லாரும் அதைத்தான் படிக்க வேண்டும்.

"படிங்க பாப்போம். புரியலன்னா பரவால்ல, எனக்கும் புரியாது. எழுத்து தெரியுதா? எழுதினது என் தங்கச்சி."

அடுத்த ஆண்டு, தொலைதூர ஊர் மருத்துவர் ஒருவரிடமிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது. கட்டுரையைப் படித்த பின் தம் நோயாளிகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கத் தொடங்கியிருப்பதாக எழுதியிருந்தார். குடைச்சல் அதை இரண்டு முறை படித்து, மேசை இழுப்பறையில் பத்திரப்படுத்தினார்.

அதன் பிறகுதான் அந்த வாரம் வந்தது.

எலும்பை மெழுகில் பதித்து இழையிழையாகச் சீவ வேண்டுமானால், முதலில் அதன் சுண்ணாம்புச் சத்தைக் கரைத்து மெதுவாக்க வேண்டும். அமிலக் கரைசலில் போட்டால் ஒரே நாளில் வேலை முடியும். கல்லீரல் இயல்பிலேயே மெத்தென்றது. அதற்கு அமிலம் வேண்டியதில்லை. இந்தப் பதப்படுத்தலும் சீவலும் சாயமும் ஒரு பெண்மணியின் பொறுப்பு. குடைச்சலைவிட நான்கு வயது மூத்தவர். அந்த மாடியில் எல்லாருக்கும் ஸ்லைடு அக்கா. கை எவ்வளவு சுத்தமோ வாய் அவ்வளவு கூர்மை.

வியாழக்கிழமை காலை அவர், துணுக்குகளை ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் அடுக்கிய ஒரு தட்டோடு வந்து நின்றார்.

"டாக்டர், என் சாயத்துக்கு என்னமோ பேய் புடிச்சிருக்கு. எலும்பெல்லாம் நீலமாக் கெடக்கு."

"எத்தன எலும்பு?"

"அஞ்சு. அஞ்சும்."

குடைச்சல் ஐந்தையும் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். மையைக் கொட்டியதுபோல் நீலம்.

"சாயம் புதுசா, அக்கா?"

"போன வாரத்து புட்டிதான். கல்லீரல்லாம் எப்பவும் போலதான் வந்திருக்கு."

"அப்ப வேற என்ன மாத்தினீங்க?"

"நான் என்னத்த மாத்தினேன்? அமிலம் தீந்துபோச்சு. கிடங்குல கேட்டா நாளைக்கு, நாளைக்குன்னு இழுக்கறாங்க. அலமாரில இன்னொரு கரைசல் இருந்துச்சு, மெதுவா வேல செய்யுமே, அதுல போட்டேன். நாலு நாள் ஆச்சு. நீங்கதான் அதுக்குள்ள பத்து தடவ வந்து உயிர எடுத்தீங்க."

குடைச்சல் நுண்ணோக்கியை விட்டு நிமிர்ந்தார். அமிலம் சுண்ணாம்பை மட்டும் எடுத்துக்கொண்டு போகவில்லை. இரும்பையும் அள்ளிக்கொண்டு போயிருக்கிறது.

"அந்த அறுபத்திரண்டு எலும்பையும் அமிலத்துலதான போட்டோம்?"

"பின்ன, பன்னீர்லயா போட்டோம்?" என்று ஆரம்பித்த ஸ்லைடு அக்காவின் குரல் பாதியில் இறங்கியது. "டாக்டர்... அப்ப நம்ம கட்டுர?"

குடைச்சல் தம் மேசைக்குப் போனார். இழுப்பறையைத் திறந்து அந்தக் கடிதத்தை எடுத்து, அதிலிருந்த எண்ணுக்குத் தொலைபேசியில் அழைத்தார்.

"சார், அந்த இரும்பு மாத்திரைய இன்னைக்கே நிறுத்திடுங்க."

"ஏம்மா? உங்க கட்டுரையப் படிச்சுத்தான குடுக்கறேன்?"

"கட்டுரை தப்புன்னு நெனக்கறேன் சார். நிரூபிக்க நாளாகும். அதுவரைக்கும் குடுக்காதீங்க. எத்தன பேருக்குக் குடுக்கறீங்க?"

"ஏழு பேருக்கு."

அந்த ஏழு என்ற எண்ணை அவர் அன்றைய நாட்குறிப்பில் எழுதிச் சுற்றிலும் வட்டமிட்டிருக்கிறார். அன்று வேறெதுவும் எழுதவில்லை.

கட்டுரையில் துறைத்தலைவரின் பெயரும் இருந்தது. அவர் கெட்டவரல்லர், அடுத்த ஆண்டு ஓய்வு பெற்றுத் தம் நாற்காலியைக் குடைச்சலிடம் விட்டுப்போக எண்ணியிருந்தவர்.

"அடுத்து எழுதறப்ப ஒரு ஓரமா ஒரு வரி சேத்துடலாம்மா. எதுக்கு ஊரக் கூட்டிச் சொல்லணும்? உனக்கு வர வேண்டியது வராமப் போயிடும்."

"ஓரத்துல எழுதினா ஓரத்துலதான் சார் கெடக்கும். மாத்திர குடுக்கறவங்க கண்ணுல படணுமே."

பிறகு நான்கு மாதங்கள். சோதனைக்கு வந்த எலும்புத் துணுக்குகள் இருபதை ஸ்லைடு அக்கா கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு சரிபாதியாக வெட்டினார். ஒரு பாதி அமிலத்தில், மறுபாதி மெதுவான கரைசலில். இருபதிலும் அமிலத்தில் கிடந்த பாதி வெளிறியது. மறுபாதிகளில் பதினெட்டு நீலமாயின. பன்னிரண்டாம் கட்டுரையைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாகவும், தவறு நேர்ந்த விதம் இன்னதென்றும் ஒன்றரைப் பக்கத்தில் பதின்மூன்றாம் கட்டுரை எழுதப்பட்டது. துறைத்தலைவர் இரண்டு நாள் யோசித்துக் கையெழுத்திட்டார். ஆசிரியர் வரிசையில் புதிதாக ஒரு பெயர் சேர்ந்தது.

"நல்லா இருக்கே நியாயம்!" என்றார் ஸ்லைடு அக்கா, தம் பெயரை விரலால் தொட்டுக்கொண்டே. "கட்டுர சரின்னு இருந்தப்ப என்னைக் கண்ணுக்குத் தெரியல. தப்புன்னு ஆனதும் கூட்டுச் சேக்கறீங்க." அச்சுப்பிரதி வந்ததும் மூன்று நகல்கள் கேட்டு வாங்கிப் போனார்.

அண்ணனிடம் சொல்வதுதான் பெரும்பாடாக இருந்தது. அறுபத்திரண்டு நோயாளிகள், ஆறு ஆண்டுகள், கடைக்கு வந்தவர்கள் அத்தனை பேரும் படித்த பக்கம். ஒரு மாலையில் கடைக்குப் போய், நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லி முடித்தார்.

"அந்தச் சட்டத்தக் கழட்டிடு அண்ணா."

அண்ணன் லென்ஸ் துடைப்பதை நிறுத்தினார். "அந்த ஏழு பேரு?"

"எல்லாருக்கும் சோதிச்சிட்டாங்க. ரெண்டு பேருக்குக் கல்லீரல்ல இரும்பு ஏறியிருந்துச்சு. நிறுத்தினதும் மேல ஏறல. கொறைக்கறதுக்கு வேற மருந்து குடுத்திருக்காங்க. எறங்கிட்டு வருதுன்னு நேத்து எழுதியிருந்தார்."

"உன்னை யாராவது புடிச்சுக் கேட்டாங்களா, தப்புன்னு?"

"இல்ல."

"நீ சொல்றதுக்கு முன்னாடி யாருக்குமே தெரியாதா?"

"எனக்கும் ஸ்லைடு அக்காவுக்கும்தான் தெரிஞ்சிருந்துச்சு."

அண்ணன் லென்ஸ் துணியால் சட்டத்தின் கண்ணாடியை ஒருமுறை துடைத்தார். "நீயா தோண்டி, நீயா கண்டுபுடிச்சு, நீயா ஊருக்குச் சொல்லியிருக்க. குடைச்சல்னு சும்மாவா பேரு வச்சேன்? இத ஏன்டி கழட்டணும்? அந்தப் புதுசையும் குடு."

தலைமைப் பதவி வேறொருவருக்குப் போனது. பட்டியல் பதின்மூன்றிலிருந்து முப்பத்தொன்று வரை தடையின்றி வளர்ந்தது. பன்னிரண்டைப் பாராட்டி வந்த கடிதம் ஒன்று. பதின்மூன்றுக்கு வந்தவை நாற்பத்து நான்கு. பெரும்பாலானவை, தங்கள் ஆய்வகத்திலும் அமிலத்தை மாற்றிவிட்டதாகச் சொல்பவை. எல்லாம் பெட்டியில் இருக்கின்றன.

கடையில் இப்போது இரண்டு சட்டங்கள். புதியதில் எழுத்து இன்னும் பொடி என்பதால் கிட்டப்பார்வைக்கு அதுவே உகந்தது என்பது அண்ணனின் தொழில்முறைக் கருத்து. வருபவர்கள் கண்ணைச் சுருக்கி, "நாங்கள்... முன்பு... வெளியிட்ட முடிவு... தவறானது," என்று எழுத்துக் கூட்டுவார்கள். அண்ணன் அடுத்த லென்ஸைச் செருகுவார்.

"நல்லாத் தெரியுதா? இதையும் எழுதினது என் தங்கச்சிதான்."