என் கழுத்துக்குக் கீழே யார்?

இன்று காலை ஆரணி பஸ் ஸ்டாண்டில் இறங்கினால், வாசலில் பத்தடி உயரத்துக்கு என் முகம்.

"டிரையத்லான் சாம்பியன்ஷிப்பில் கலக்கிய எங்கள் வீட்டு மகளே, வருக!"

பட்டுக்கடை வைத்திருக்கும் என் சித்தப்பா வைத்த பேனர்.

முகம் மட்டும்தான் என்னுடையது. கழுத்துக்குக் கீழே யாரோ ஒரு மாடல், அரக்குப் பட்டுப்புடவையில், கை நிறைய வளையலோடு நிற்கிறாள்.

நான் அனுப்பிய படம் வேறு. ஏரியில் நீந்தி, காட்டுப் பாதையில் சைக்கிள் மிதித்து, விழுந்து, கிழிந்த முட்டியோடு மலையில் ஓடி முடித்து, கழுத்தில் மெடலும் கையில் சைக்கிளுமாக நின்றபோது எடுத்தது. நெற்றி வரை சேறு. எனக்கு என்னைப் பிடித்த ஒரே படம் அதுதான்.

நேராகக் கடைக்குப் போனேன்.

"என் சைக்கிள் எங்க சித்தப்பா?"

"கோச்சிக்காதம்மா. அரை டவுசரோட, சேறும் சகதியுமா நின்னுகினு இருந்தே. நாலு பேர் வந்து போற இடம். அதான் நம்ம கடைப் புடவையப் போடச் சொன்னேன். எவ்ளோ லட்சணமா கீது பாரு!"

"சரி, மெடலையாவது விட்டிருக்கலாம் இல்ல?"

"அது நெக்லஸை மறைச்சிகினு இருந்துச்சும்மா."

மறுபடி பஸ் ஸ்டாண்டுக்கே வந்தேன். பேனருக்குக் கீழே பஸ்ஸுக்காக நின்ற ஓர் அம்மா என்னை அடையாளம் கண்டுபிடித்துச் சிரித்தார்.

"கல்யாணமா பாப்பா? மாப்ள எந்த ஊரு?"

அடுத்த வருடம் போட்டிக்கு நான் போகப் போவதில்லை. அந்தப் புடவைக்காரியே ஏரியில் குதிக்கட்டும். கரையில் நின்று கைதட்ட யாரெல்லாம் வருகிறீர்கள்?